ஜோயல் நேரம்

கடலோரச் சிற்றூரான ஆல்டர்பியில் யாரும் யார் மனதையும் நோகடிக்க மாட்டார்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது "இன்னைக்கு நல்ல வெளிச்சம்" என்று ஒருவர் சொன்னால், குடைக்குள் ஒடுங்கியபடியே "ஆமாமா" என்பார் அடுத்தவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் வாய்க்கு மூடியே வேண்டியதில்லை. எதிரில் நிற்பவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றால் தானாகவே மூடிக்கொள்ளும்.

லொரெய்னின் மகன் ஜோயல் செத்தபோது அப்படித்தான் மூடிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் சமைத்த பாத்திரங்களை அவள் வாசற்படியில் வைத்துவிட்டு, அழைப்பு மணியை அழுத்தாமலே போனார்கள். கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட ஆளில்லாத வீட்டில் குவிந்து கிடந்தன. கடைவீதியில் அவளைக் கண்டால் கையைப் பிடித்து அழுத்துவார்கள். வானிலையைப் பற்றி ஏதோ சொல்வார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் எது கேட்டிருந்தாலும் அந்த ஊர் கொடுத்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

அதைச் சொல்வதற்கு முன் ஆல்டர்பியின் மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுகத் தெருவில் பப்கள் என்னும் மதுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. சனிக்கிழமை இரவு பன்னிரண்டு ஆனதும் 'நங்கூரம்' பப்பில் டெஸ் மணியை அடிப்பான். அதைக் கேட்டு அடுத்த கடைக்காரன், அதைக் கேட்டு அதற்கடுத்தவன் என்று தெருக்கோடி வரைக்கும் மணி ஓடும். மணி அடித்தால் கடை மூடும் நேரம். லைசென்ஸில் ஒருவனுக்கு ஒரு மணி வரை, இன்னொருவனுக்கு இரண்டு மணி வரை என்று இருந்தது. இருந்தும் யாரும் தனியாகத் திறந்து வைத்ததில்லை. கரை திரும்பாத படகுகளுக்காக எல்லாக் கடையும் சேர்ந்து மணி அடித்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. அதைக் கேட்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வந்து அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு அதில் அத்தனை பெருமை.

மணி ஓய்வதற்குள் தெரு நிரம்பிவிடும். ஊரில் ஓடுவது இரண்டு டாக்ஸி. திறந்திருப்பது ஒரு வறுத்த மீன் கடை. ஜோயல் செத்தது அந்த டாக்ஸி வரிசையில்தான். யாரோ முந்தப் பார்த்தான், யாரோ தள்ளினான். "விடுங்கப்பா, அடுத்தது வரும்" என்று ஜோயல் இடையில் புகுந்தான். தள்ளுப்பட்டு விழுந்ததில் நடைபாதை விளிம்பில் அவன் தலை மோதியது. தள்ளியவன் பக்கத்து ஊர்ப் பையன். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். அவன் தாயும் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறாள்.

அடக்கம் முடிந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோது, லொரெய்ன் வாயில் வந்ததைச் சொன்னாள். "பதினொரு மணிக்கெல்லாம் மூடியிருந்தா எம்புள்ள வீட்டுல இருந்திருப்பான்." பெற்ற வயிறு பேசிய பேச்சு. பத்திரிகை அதற்கு 'ஜோயல் நேரம்' என்று தலைப்புப் போட்டது. அதற்குப் பிறகு அது அவள் பேச்சாக இல்லாமல் ஊர்ப் பேச்சாகிவிட்டது. தேவாலயக் கதவிலும் தபால் நிலையத்திலும் ஜோயல் படம் ஒட்டினார்கள். ஊரே கையெழுத்துப் போட்டது. நகர கவுன்சில் தன் மதுக்கடைக் கொள்கையைத் திருத்தும் முறை வந்தபோது, வரைவில் அப்படியே எழுதி வைத்தது: துறைமுகத் தெருவில் பத்தரைக்குப் பாட்டுக் கச்சேரி நிற்க வேண்டும், பதினொன்றுக்கு எல்லாக் கடையும் ஒருசேர மூட வேண்டும், அந்த விதிக்கு ஜோயலின் பெயர்.

லொரெய்னுக்கு அந்த விதிதான் மூச்சு. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே! பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தி வெளியே அனுப்புவது அவள் வேலை. அது முடிந்ததும் மாலையில் ஏதாவதொரு கூட்டத்தில் போய்ப் பேசுவாள். பேசும்போது மகன் பெயரைச் சொல்லலாம். மற்ற நேரங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்த வரைவின் மேல் கருத்துக் கேட்கும் விசாரணை நாளன்று கவுன்சில் மண்டபம் நிறைந்திருந்தது. பழைய மேயர்களின் படங்களுக்குக் கீழே ஒரு மேஜை, அதன் மேல் தேநீர்ப் பாத்திரம், கவுன்சிலின் மதுக்கடைக் குழுத் தலைவி மிஸஸ் பிக்கர்ஸ்கில் தன் கையால் சுட்டுக்கொண்டு வந்திருந்த எலுமிச்சை கேக். மிஸஸ் பிக்கர்ஸ்கில் நல்ல மனுஷி. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. லொரெய்ன் வாசலில் முதல் பாத்திரத்தை வைத்தவள் அவள்தான். ஜோயலுக்காக எல்லோரையும் எழுப்பி மௌனமாக நிற்க வைத்துவிட்டு, பிறகு லொரெய்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நிதானமாச் சொல்லு, கண்ணு. ஒரு அவசரமும் இல்ல."

லொரெய்ன் எழுந்தாள்.

"எம்பையன் குடிகாரன் இல்லைங்க. சண்டைக்காரனும் இல்ல. பாட்டுக் கேக்கப் போனான். ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய அனுப்பியிருந்தா வந்து சேர்ந்திருப்பான். இன்னொருத்தி வீட்டுக் கதவை இப்படி யாரும் வந்து தட்டக் கூடாது. அவ்வளவுதாங்க நான் கேக்கறது."

மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்து போலீஸ் சார்ஜென்ட் ப்ரூக்கைக் கேட்டார்கள். அன்றிரவு அவள் கதவைத் தட்டியவரே அவர்தான். அவள் சமையலறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்து, அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவர். அவர் எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "போலீஸ் தரப்புல ஆட்சேபம் எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்தார்.

ஆட்சேபம் சொன்னவன் ஒரே ஒருவன், நங்கூரம் டெஸ். அவனும் லொரெய்னும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஜோயல் செத்த பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன் கடையிலிருந்துதான் ஜோயல் வெளியே வந்தான் என்பது ஒன்று. இப்போது பணத்துக்காக எதிர்க்கிறான் என்ற எரிச்சல் இன்னொன்று. அவன் எழுந்ததும் மண்டபம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"டெஸ், ஒரு மணி நேர வியாபாரம் போனா உன் தொப்பை ஒண்ணும் இளைச்சிடாதுய்யா" என்றார் குழுவில் இருந்த கிழவர் ஹாலம். மீன் மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர்.

"தொப்பை போனாப் போகுது, ஹாலம். அதுல பாதி நீ என் கடையில குடிச்சுக் கொடுத்த காசுல வளர்ந்ததுதான்" என்றான் டெஸ். சிலர் சிரித்தார்கள். லொரெய்ன் இருப்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை விழுங்கினார்கள்.

டெஸ் பேச்சுக்காரன் அல்ல. கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு சொன்னான். "சீக்கிரம் மூடச் சொல்றீங்க, மூடறேன். ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல மூடணும்னு எழுதாதீங்க. ஆளுக்கொரு நேரத்துல மூடட்டும். பாட்டு ஓடட்டும். பாட்டு ஓடினா ஜனம் ரெண்டு ரெண்டு பேராக் கலைஞ்சு போகும். பத்தரைக்கு நிறுத்தினா எல்லாம் கடைசிச் சுத்து வாங்கி மடக்கு மடக்குனு குடிச்சிட்டு..."

"போதும், டெஸ்" என்றாள் மிஸஸ் பிக்கர்ஸ்கில். குரல் உயரவில்லை. "அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கா. கொஞ்சம் மனசாட்சியோட பேசலாமே."

லொரெய்ன் கையை உயர்த்தினாள். "நான் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"முறைப்படி என் மூலமாத்தான் கேக்கணும், கண்ணு. பரவாயில்ல, கேளு."

அவள் டெஸ்ஸின் பக்கம் திரும்பினாள். இரண்டு ஆண்டுகளாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஊர் முன்னால் அவனைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற வெறியும் அதில் இருந்தது.

"அன்னைக்கு எத்தனை மணிக்கு மணி அடிச்ச?"

"பன்னெண்டு. எப்பவும் போல."

"பதினொண்ணுக்கு அடிச்சிருந்தா?"

டெஸ் மேஜையைப் பார்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு, டெஸ். பதினொண்ணுக்கு அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"பதினொண்ணுக்குச் செத்திருப்பான், லொரெய்ன்."

மண்டபம் மூச்சை இழுத்தது. மிஸஸ் பிக்கர்ஸ்கில் மரச்சுத்தியலால் தட்டினாள். "உக்காரு, டெஸ்! இது அநியாயம்!" யாரோ பின்னாலிருந்து "வெக்கமா இல்ல?" என்று கத்தினார்கள். ஆல்டர்பியில் ஒருவர் கத்துவது அபூர்வம்.

"அவன் பேசட்டும்" என்றாள் லொரெய்ன்.

டெஸ்ஸின் முகம் சிவந்து வியர்த்திருந்தது. அவளை மட்டும் பார்த்துப் பேசினான். "நான் அடிச்சா எல்லாரும் அடிப்பாங்க. உனக்கே தெரியும். தெருவே மொத்தமா வெளிய கொட்டும். அத்தனை பேருக்கும் ரெண்டு டாக்ஸி. குளிர்ல நிக்கறவன் எவனுக்குப் பொறுமை இருக்கும்? நீ பள்ளிக்கூடத்துல பசங்களை எப்படி வெளிய அனுப்புவ? எல்லா வகுப்பையும் ஒரே கதவு வழியா ஒரே நேரத்துல விடுவியா?"

லொரெய்ன் அப்படி விட மாட்டாள். சின்ன வகுப்பு முதலில், அது போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தது. ஒருமுறை எல்லாரையும் சேர்த்து விட்டு, கதவு நெரிசலில் ஒரு சிறுமியின் பல் உடைந்ததிலிருந்து அவளே கொண்டுவந்த ஏற்பாடு அது. தினமும் கதவருகே நின்று கையை நீட்டி மறித்து, "இரு, அவங்க போகட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவள் குரல் கட்டிப்போயிருக்கிறது. தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் அது ஏன் தோன்றவில்லை? துக்கம் கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். சரி, அவளுக்கு மறைத்தது. மற்றவர்களுக்கு?

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? வரைவுல எழுதினப்புறம்தான்... இன்னைக்கு விட்டா இல்லன்னு வந்தேன்."

அவள் சார்ஜென்ட் ப்ரூக்கைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் தொப்பியைச் சுழற்றினார். "ஒரு விதத்துல பார்த்தா... அப்படியும் சொல்லலாம்மா."

ஹாலம் சன்னலைப் பார்த்தார். மிஸஸ் பிக்கர்ஸ்கில் கேக்கை இன்னும் சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கினாள். லொரெய்னுக்குப் புரிந்துவிட்டது. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் போல ஊரே சேர்ந்து மறைத்திருக்கிறது, அதுவும் அவள் மேல் வைத்த பாசத்தால். அடக்கத்தன்று ஜோயலுக்கு மரியாதை என்று தெரு முழுக்க மணி அடித்தார்களே, அவனைக் கொன்றதும் அந்த மணிதானே?

தலைவி தேநீர் இடைவேளை அறிவித்தாள். யாரும் அருகில் வராதபடி லொரெய்ன் தாழ்வாரத்துக் கோடியில் போய் நின்றாள். மூடிய கதவுக்கு உள்ளே கோப்பைகள் உரசும் ஒலியும் தாழ்ந்த பேச்சும் கேட்டன. அவளுக்கு டெஸ்ஸின் மேல் கோபம் வந்தது. பிறகு தன் மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. விதி போனால் பெயரும் போய்விடும். தபால் நிலையத்துச் சுவரிலிருந்து ஜோயலின் படத்தை எடுத்துவிடுவார்கள். மாலையில் போகக் கூட்டம் இருக்காது. அவனைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கும். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். ஊர் தானாகவே கையைத் தூக்கிவிடும், மகன் பெயர் சட்டத்தில் நிலைக்கும்.

தன் பிள்ளையின் பெயரை வைத்து இன்னொரு பிள்ளையை அந்தத் தெருவுக்கு அனுப்புவதா? அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மகனை இரண்டாம் முறை பறிகொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனாள்.

"நான் பேசணும்" என்றாள்.

"பேசு, கண்ணு."

"இந்த விதி வேண்டாங்க. அவன் சொல்றது சரி. நான் கேட்டதுதான் தப்பு. ஆளுக்கொரு நேரத்துல மூடட்டும், அந்த மணியை நிறுத்துங்க. எம்பையன் பேரை இதுல இருந்து எடுத்துடுங்க."

சொல்லி முடித்துவிட்டாள். காலடித் தரை உறுதியானதுபோல் இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். ஆனால் எதிரில் இருந்த முகங்களில் அவள் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. எல்லா முகங்களும் உருகிப்போயிருந்தன. மிஸஸ் பிக்கர்ஸ்கில் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன பெரிய மனசு உனக்கு! அவன் அப்படிப் பேசியும் அவனுக்காக விட்டுக்கொடுக்கிறியே!"

"விட்டுக்கொடுக்கலைங்க. உண்மையைச் சொல்றேன்."

"தெரியும், கண்ணு. தெரியும்."

"உங்களுக்குத் தெரியலைங்க. அந்த விதியைப் போடாதீங்க. இன்னொரு புள்ள சாகும்."

"உக்காரு. நீ எவ்வளவோ தாங்கிட்ட. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

யாரோ அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீரைத் திணித்தார்கள். மிஸஸ் பிக்கர்ஸ்கில் தன் இடத்துக்குப் போனாள். குரல் தழுதழுத்தது. "நெருக்குதலுக்குப் பயந்து ஒரு தாய் பின்வாங்கலாம். நாம பின்வாங்கக் கூடாது. அவளுக்குக் கொடுத்த வாக்கு இது. ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

கைகள் உயர்ந்தன. ஹாலமின் கை மட்டும் மேஜை மேலேயே கிடந்தது. லொரெய்ன் அவரையே பார்த்தாள். கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார், மற்ற கைகளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு தானும் கையைத் தூக்கினார். "வேண்டாம்னு சொன்னேனே!" என்று லொரெய்ன் எழுந்தாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட இரண்டொருவரும் அழுகை என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறோம். குரங்குதான் என்று பிடித்தவளே கூவியும், பிள்ளையார் என்று மாலை போட்ட ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

டெஸ் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான். அவளைத் தாண்டும்போது, "பதினொண்ணுக்கு மணி அடிக்கலைன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க, லொரெய்ன்" என்று மட்டும் சொன்னான்.

வெளிப் படிகளில் மக்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கையைப் பிடித்து அழுத்தினார்கள். தூறலை நல்ல வெளிச்சம் என்றார்கள். ரொட்டிக் கடை மிஷெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லொரெய்னின் இரண்டு கைகளையும் பற்றினாள். கண் நிறைந்திருந்தது.

"எம்பொண்ணு ஃப்ரேயாவுக்கு இப்பத்தான் பதினெட்டு முடிஞ்சுது. சனிக்கிழமையானா தோழிங்களோட துறைமுகத் தெருவுக்குக் கிளம்பிடறா. அவ வர்ற வரைக்கும் நான் தூங்கினதே இல்ல. இனிமே தூங்குவேன். உன்னாலதான்."

"சந்தோஷம்" என்று சொல்ல வேண்டிய இடம். அந்தச் சொல் லொரெய்னின் நாக்கு நுனி வரை வந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள்தானே அவளும். அதை விழுங்கினாள்.

"மிஷெல், நான் சொல்றதைக் கேளு. அவளை எல்லாரோடயும் சேர்ந்து வெளிய வர வேண்டாம்னு சொல்லு. மணி அடிச்சா உள்ளேயே இருக்கட்டும். தெரு காலியானப்புறம் வரட்டும். சொல்லுவியா?"

மிஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாவம் இவள், இன்றைக்கு நிறையப் பட்டுவிட்டாள் என்ற பரிவு அந்தச் சிரிப்பில் இருந்தது.

"உள்ளே எப்படி இருக்க விடுவாங்க? பதினொண்ணு அடிச்சா ஒரு ஆள் பாக்கியில்லாம வெளிய அனுப்பியாகணுமே! நீதானே சட்டம் போட வச்சிருக்க."

மிஷெல் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. லொரெய்ன் அதை இறுகப் பிடித்திருந்தாள்.